ஃபாதர் சுட்டா பொழுதுபோக்கு, குருவிக்காரர் சுட்டா குற்றமா?

நம்ம பதிவுலகத்துல மலரும் நினைவுகள் எழுதாத ஆளே கிடையாது. டூரிங் டாக்கீஸ், பம்புசெட்டுக் குளியல், ஐஸ் வண்டின்னு வரிசையா வரும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் எழுதினா கூடவே ஒருத்தர் வருவார்: வேட்டைக்குப் போகும் பாதிரியார். சிலர் பதிவில் அவர் ஃபாதர், சிலர் பதிவில் பாஸ்டர், பழைய ஆட்கள் எழுதினால் ஐயர். ஆள் மாறினாலும் படம் ஒண்ணுதான். வெள்ளை அங்கி, தோளில் துப்பாக்கி, முகத்தில் சிரிப்பு. கீழே வரிசையாகப் பின்னூட்டம்: "ஆஹா, என்னா மனுஷன்யா!"

இந்த 'ஆஹா'தான் எனக்கு உறுத்துது. அந்த மனுஷர் மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் ஏதும் கிடையாது. அவரை இப்படி ஒரு கதாநாயகனாக்கி வச்சிருக்கிற நம்ம மேலதான் கோபம். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

அவரோட ஒரு நாள்

ரசனை இல்லாதவன்னு யாரும் என்னைச் சொல்லிடக்கூடாது. அதனால அந்தப் பதிவுகளில் வருகிற பாதிரியாரின் நாளை நானே முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழி, தை மாசம். சம்பா முற்றி, வயலில் தண்ணி வடிகிற நேரம். நாலரைக்கு எழுந்து ஜெபம். சபையில் மொத்தமே முப்பது நாப்பது குடும்பம். ஒரு வீட்டில் காய்ச்சல், போய் ஜெபம் பண்ணணும். ஒரு வீட்டில் புருஷன் பொண்டாட்டி சண்டை, போய் விலக்கணும். மத்தியானம் ஒரு அடக்கம். பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகுது, மேலிடத்துக்கு மூணாவது தடவையாக லெட்டர் எழுதணும். வருகிறவங்க எல்லாரும் குறை சொல்லத்தான் வர்றாங்க. அவர் குறையைக் கேட்க ஊரில் ஒரு ஆள் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்குத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினால்தான் அவருக்கு மூச்சே வரும்.

உள்ளான் இருக்கே, அது சேத்தோட சேறா உட்கார்ந்திருக்கும். காலடி கிட்ட வரும்வரை அசையாது. அப்புறம் விருட்டுன்னு கிளம்பி கோணல்மாணலாகப் பறக்கும். அதை அடிக்கிறது லேசில்லை. மறைந்திருந்து சுடுகிறவனை 'ஸ்னைப்பர்' என்கிறார்களே, அந்தச் சொல்லே உள்ளானின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பொழுதுபோகாமல் உள்ளான் சுடப் போனார்கள். அந்த விளையாட்டிலிருந்து பிறந்து, அப்புறம் மனுஷனைச் சுடுகிறவனுக்குப் பேராகிவிட்டது. நம்ம ஊர்ச் சேத்துக்குருவிக்கு உலக அகராதியில் இப்படி ஒரு இடம்!

ஆக, பாதிரியாரின் தனிமையும் புரியுது, அந்த விளையாட்டின் ருசியும் புரியுது. ஆனா அந்தப் படத்துல இன்னொருத்தன் இருக்கான், பார்த்தீங்களா? முழங்கால் சேத்துல இறங்கி, விழுந்த பறவையைத் தூக்கிக்கிட்டு வர்ற பையன். எந்தப் பதிவிலும் அவனுக்குப் பேர் கிடையாது. அதே வயலுக்கு அந்தப் பக்கம் கண்ணி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளும் இருக்கார். அவரைப் பற்றி நாம எழுதினால் தலைப்பு வேற: "பறவைகளைக் கொல்லும் கொடியவர்கள்".

அதே வயல், அதே பறவை, அதே சாவு. ஒருத்தருக்கு மலரும் நினைவு, இன்னொருத்தருக்கு லாக்கப்பு. இதுதான் என் வழக்கு.

உனக்கெதுக்குய்யா பாதிரியார் விஷயம்?

இப்பவே கேட்டுடுவாங்க. நான் அதிராம்பட்டினத்துக்காரன். எங்க ஊர்ல மினாராதான் ஜாஸ்தி. அப்புறம் ஏன் கோயில் கோபுரத்துச் சிலுவையைப் பார்க்கிறேன்?

பார்க்க வேண்டியிருக்கு. எங்க ஊருக்குத் தெற்கே கடல், உப்பளம், சேற்றுத் திட்டு. கிழக்கே போனா முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. அதுக்கும் கிழக்கே கோடியக்கரை. கோடியக்கரை 1967-ல் சரணாலயமாச்சு. 2002-ல் அந்தப் பகுதி முத்துப்பேட்டைச் சதுப்போடு சேர்ந்து ராம்சார் பட்டியலில் ஏறிச்சு. அதாவது உலகமே காப்பாத்தணும்னு ஒத்துக்கிட்ட ஈரநிலம். வடக்கே வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-ல் அதே பட்டியலுக்கு வந்தன. வடக்கே ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, பனி உறையும் தேசங்களிலிருந்து சிறவியும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் வருஷா வருஷம் இங்கே வந்து இறங்குது. வந்து இறங்குற இடம் பள்ளிவாசல் பக்கமா, கோயில் பக்கமான்னு அதுங்களுக்குத் தெரியாது.

எங்க ஆட்களையும் விடமாட்டேன். "பிஸ்மி சொல்லித்தான் சுட்டேன், ஹலால்தானே?" என்று கேட்கிற பெரிய வீட்டுப் பிள்ளைகளை எனக்கு நல்லாவே தெரியும். ஹலாலா ஹராமா என்பது சட்டியில் விழுந்த பிறகு கேட்கிற கேள்வி. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. இஹ்ராம் கட்டின ஹாஜிக்கு நிலத்து வேட்டை ஏன் தடை? அல்லாஹ்வின் முன்னாடி நிற்கப் போகிற நேரத்தில் ஒரு உயிரைத் துரத்துகிற மனநிலை ஆகாதுங்கிறதுதானே நான் புரிஞ்சுக்கிட்டது? வருஷம் பூரா அல்லாஹ்வின் முன்னாடி நிற்கிறதாகச் சொல்லிக்கொள்கிற ஆலிமுக்கும் பாதிரியாருக்கும் அந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும்.

திருச்சபையே சொன்னதுதான்

இதை ஒரு முஸ்லிம் வந்து சொல்லணும்னு கிடையாது. கிறிஸ்தவ சபை 800 வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கு. 1215-ல் ரோமில் கூடின நாலாம் லாத்தரன் சங்கம், குருமார் யாரும் வேட்டைக்கும் பறவை பிடிக்கவும் போகக்கூடாது, அதுக்கான நாயோ பருந்தோ வளர்க்கவும் கூடாதுன்னு விதி போட்டுச்சு. 16-ஆம் நூற்றாண்டில் திரெந்து சங்கம் திரும்பவும் சொன்னது. 1917-ல் வந்த கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பின் 138-ஆம் விதியிலும் குருமாருக்கு வேட்டை ஆகாதுன்னு இருந்தது. இத்தனை தடவை தடை போட வேண்டியிருந்துச்சுன்னா அத்தனை பேர் போய்க்கிட்டே இருந்திருக்காங்கன்னு அர்த்தம் :-)

"அது கத்தோலிக்கர்களுக்கு. எங்க பாஸ்டருக்கு என்ன?" சரி, புராட்டஸ்டண்ட் பக்கமே வர்றேன். 1621-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் ஜார்ஜ் அபட், கான்டர்பரி பேராயர், வேட்டைக்குப் போனார். குறுக்குவில்லால் மானைக் குறிபார்த்தார். அம்பு போய் வேட்டைக்காட்டின் காவல்காரர் மேல் பாய்ந்தது. ஆள் செத்துட்டார். பேராயருக்கு என்ன ஆச்சு? ராஜா ஒரு விசாரணைக் குழு போட்டார். மன்னிப்பு கிடைச்சது. பதவியும் நீடிச்சது. அபட் மனசு உடைஞ்சுதான் போனார், செத்தவரின் மனைவிக்கு வருஷா வருஷம் பணமும் கொடுத்தார். அதை மறைக்க மாட்டேன். ஆனா திருப்பிப் போட்டுப் பாருங்க. காவல்காரன் அம்பு பேராயர் மேல பட்டிருந்தா ராஜா குழு போட்டிருப்பாரா, கயிறு போட்டிருப்பாரா?

அடுத்து எல்லாருக்கும் பிடிச்ச ஆள். ஜாக் ரஸ்ஸல் டெரியர் நாய் தெரியும்ல? அந்த ஜாக் ரஸ்ஸல் ஒரு பாதிரியார்தான். 1795-ல் பிறந்து 1883-ல் செத்தவர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற சின்ன ஊரில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சபை நடத்தினார். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது ஒரு பால்காரரிடம் வாங்கின 'ட்ரம்ப்' என்கிற பெட்டை நாயிலிருந்துதான் அந்த இனமே வந்ததாகச் சொல்வாங்க. நரி வேட்டைன்னா உயிர். "வேட்டை நாய்களை விட்டுவிடு" என்று பிஷப் சொன்னாராம். இவரும் பணிவாகச் சரின்னுட்டு, நாய்களைப் பொண்டாட்டி பேருக்கு மாத்திட்டாராம். சிரிப்பா வருதா? எனக்கும் வந்தது. நம்ம ஊர் அரசியல்வாதி சொத்தைப் பொண்டாட்டி பேரில் எழுதினா மட்டும் ஏன் பல்லைக் கடிக்கிறோம்? மேலிடத்தை ஏமாத்தினதுதான் ரெண்டும். ஆனா அங்கி போட்டவர் செஞ்சா அது 'குறும்பு'.

வேட்டைக்காரர்களின் புனிதர்னு கும்பிடப்படுகிற ஹியூபர்ட் கதை இன்னும் வேடிக்கை. பெரிய வெள்ளியன்று வேட்டைக்குப் போனவர் முன்னாடி, கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிரும் மான் ஒன்று வந்து நின்றதாம். அன்னிக்கே மனசு மாறி, பழைய வாழ்க்கையை விட்டுக் குருவானவராகி, பிஷப்பும் ஆனார் என்பது ஐதீகம். வேட்டையை விட்டவரை வேட்டைக்காரர்களின் காவலராக்கி, அந்த மான் படத்தை யேகர்மைஸ்டர் சாராய பாட்டிலிலும் ஒட்டிட்டாங்க. கதையில் மான்தான் பிரசங்கம் பண்ணுச்சுங்கிறதை எல்லாரும் வசதியா மறந்தாச்சு.

இன்னொண்ணு. 'பாஸ்டர்' என்ற லத்தீன் சொல்லுக்கு மேய்ப்பன்னு அர்த்தம். தமிழில் 'ஆயர்' என்பதும் அதேதான். பைபிளில் பேர்பெற்ற வேட்டைக்காரர்கள் நிம்ரோதும் ஏசாவும். ஏசு தனக்கு உவமையாக எடுத்துக்கொண்டது மேய்ப்பனை. தாய்ப்பறவையையும் குஞ்சையும் சேர்த்துப் பிடிக்காதே என்கிற கட்டளை உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் இருக்கு. அதைப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. நீங்க கேட்டிருந்தா சொல்லுங்க.

பேர் யாருக்கு, வழக்கு யாருக்கு

நம்ம மண்ணிலேயே உதாரணம் இருக்கு. தரங்கம்பாடியில் 1771 முதல் 1813-ல் சாகும்வரை மிஷனரியாக இருந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். பள்ளிக்கூடம் நடத்தினார், சபை நடத்தினார். மிச்ச நேரத்தில் மீன், சிப்பி, பாம்பு எல்லாம் சேகரித்தார். மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த ப்ளாக் என்ற அறிஞருக்கு அனுப்பினார். அவரும் நன்றியோட ஜான் பேரையே மீனுக்கு வச்சார். நம்ம மார்க்கெட்டில் கத்தாளைன்னு வாங்குகிற மீன்களில் ஒரு பேரினத்துக்கே 'ஜோனியஸ்' என்று பேர். மண்ணுளிப் பாம்புக்கு, அதான் இருதலைப் பாம்பு, அறிவியல் பேர் 'எரிக்ஸ் ஜோனி'. அதுவும் அவர்தான்.

பழனி மலையில் சிரிப்பான் என்று ஒரு குருவி. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான் உண்டு. 1869-ல் ப்ளான்ஃபோர்ட் அதை விவரித்து 'ஃபேர்பேங்கி' என்று பேர் வைத்தார். ஃபேர்பேங்க் என்பவர் அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த பாதிரியார். பழனி மலையில் பறவை சேகரித்தவர். அந்தக் காலத்தில் பறவை சேகரிப்புன்னா சுட்டுத் தோலை உரிச்சுப் பஞ்சடைக்கிறதுதான். வேற வழியும் கிடையாது, நல்ல பைனாகுலரும் காமிராவும் இல்லாத காலம்.

இவங்களை நான் கூண்டில் ஏத்தலை. அறிவியலுக்கு அவர்கள் செய்தது பெரிசு. 1960-களில் லைசென்ஸோட சுட்டவரையும் ஏத்தலை. அப்ப அது சட்டப்படி சரி. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் சின்ன வேட்டைக்கு லைசென்ஸ் முறை இருந்தது. 1991 திருத்தத்தில்தான் பொழுதுபோக்கு வேட்டைக்கு முழுசாக் கதவடைச்சாங்க. நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. தரங்கம்பாடி மீனை வலைபோட்டுப் பிடிச்சது யாரு? பழனி மலையில் வழிகாட்டினது யாரு? அந்தப் பேரில் எந்த மீனும் இல்லை, எந்தக் குருவியும் இல்லை. பேர் வைக்கும்போது அங்கிக்காரர் முன்னாடி வர்றார். வழக்கு போடும்போது மட்டும் கண்ணிக்காரர் முன்னாடி வந்துடறார்.

'குருவிக்காரர்' என்று ஒரு சமூகத்துக்கே பேர் வச்சிருக்கோம். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கிற மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆச்சு. அதுவரைக்கும் பல பேருக்கு நிலமும் கிடையாது, சாதிச் சான்றிதழுக்கு அலைச்சல் வேற. வேட்டை அவங்க வயித்துப்பாடாக இருந்தது. சட்டம் வந்து அதை நிறுத்தியது, நிறுத்த வேண்டியதுதான். ஆனா வயித்துக்காக வேட்டையாடினவன் விட்டுட்டு ஊசிமணி பாசிமணி விற்கப் போகணும், சம்பளமும் வீடும் மரியாதையும் இருக்கிற ஒருத்தர் மட்டும் 'மன அமைதிக்காக' சுடலாம்னா, அது என்ன நியாயம்?

வழக்கமான சால்ஜாப்புகள்

பின்னூட்டத்தில் வரப்போறது எனக்கே தெரியும். முன்கூட்டியே பதில்.

1. "ஏர்கன்தானே, அதுக்கு லைசென்ஸே வேண்டாமே!"
சின்ன ஏர்கன் வச்சுக்க லைசென்ஸ் வேண்டாம். அதால் பறவையைச் சுட அனுமதி உண்டுன்னு யார் சொன்னது? கத்தி வாங்கவும்தான் லைசென்ஸ் வேண்டாம். சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குக் கொல்வது மட்டும் அர்த்தமில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, துரத்துவது, கூட்டைக் கலைப்பது, முட்டையை உடைப்பது எல்லாமே வேட்டை. முயற்சி செய்தாலே குற்றம். 2022 திருத்தத்துக்கு அப்புறம் சாதாரண மீறலுக்கே மூணு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். சரணாலயத்துக்குள்ளே சுட்டால் குறைந்தது மூணு, அதிகபட்சம் ஏழு வருஷம்.

2. "கோழி திங்கலாம், கொக்கு திங்கக்கூடாதா?"
கோழி நீங்க தின்னத் தின்ன இன்னும் ஜாஸ்தியா வளர்ப்பான். கொக்கை யாரும் வளர்க்கலை. மடையானும் கொக்கும் வயல் பூச்சியையும் நண்டையும் தின்னு விவசாயிக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யுது. போதாததுக்கு டெல்டாவில் விஷம் கலந்த நெல்லைத் தூவிப் பறவை பிடித்த செய்திகளும் வந்திருக்கு. ரோட்டோரத்தில் விற்கிற கொக்குக்கறி எப்படிச் செத்ததுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சுட்டதுன்னா உள்ளே ஈயக்குண்டு. அதுவும் விஷம்தான்.

3. "சலீம் அலியே சுட்டாரே!"
இதை என்னிடம் கேட்டவர் ஒரு காக்கா. (வெளியூர் நண்பர்களுக்கு: எங்க ஊரில் காக்கா என்றால் அண்ணன். சட்டத்தின் 'தொல்லை' பட்டியலில் 1972-லிருந்து 2022 திருத்தம் வரைக்கும் இருந்த காக்கா வேற.) ஆமா காக்கா, சுட்டார். சின்ன வயசில் ஒரு குருவியைச் சுட்டு, தொண்டையில் மஞ்சள் இருக்கேன்னு குழம்பி, மாமா அனுப்ப, 1908-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து மில்லர்டிடம் போய் நின்னார். அங்கே திறந்த கதவுதான் இந்தியப் பறவையியலின் கதவு. பிற்காலத்தில் ஆராய்ச்சிக்கும் சுட்டிருக்கிறார். ஆனா கோடியக்கரையில் பறவைக்குக் காலில் வளையம் போட்டுத் திரும்பப் பறக்கவிடுகிற வேலை நடந்ததும் அவருடைய கழகத்தால்தான். சுட்ட குருவி அவரிடம் ஒரு கேள்வி கேட்டது, வாழ்நாள் பூரா பதில் சொன்னார். நம்ம ஆள் சுட்ட குருவி கேட்கிறது ஒண்ணுதான்: "மிளகு போட்டு வறுக்கவா, குழம்பா?"

4. "அமெரிக்காவில் சர்ச்சே வேட்டை விருந்து வைக்குதே!"
வைக்குது. ஆள் சேர்க்க மான்கறி விருந்து போடுகிற சபைகள் அங்கே உண்டு. 2014-ல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு பாப்டிஸ்ட் சபை விருந்து வைத்துத் துப்பாக்கியையே குலுக்கல் பரிசாகக் கொடுத்தது. அங்கே வேட்டைக்குப் பருவம் உண்டு, எண்ணிக்கை உண்டு, லைசென்ஸ் கட்டணம் உண்டு, அது வனப் பாதுகாப்புக்குப் போகுது. இங்கே அது எதுவும் கிடையாது, மொத்தமாத் தடை. பக்கத்து வீட்டு ரேஷன் கார்டை வச்சு நம்ம கடையில் சர்க்கரை வாங்க முடியாது.

5. "ஒரு மனுஷர் வாரத்துக்கு ரெண்டு சிறவி சுட்டா இனமே அழிஞ்சிடுமா?"
அழியாது. ஆனா பிரசங்க மேடையில் நிற்கிறவர் சுட்டால் அது ரெண்டு சிறவியோட நிற்காது. அவரைப் பார்த்து ஒரு ஊரே சுடும். அவரே சுடறார், தப்பிருக்குமான்னு பையன் கேட்பான். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் எங்க கரையைப் புரட்டிப் போட்டபோது தென்னையும் அலையாத்தியும் சேர்ந்தே விழுந்தது. பறவைக்கு ஏற்கெனவே உட்கார இடம் குறைச்சல். அதுக்கு மேல நாம என்னத்துக்கு?

அதே மேடையால் நிறுத்தவும் முடியும்

இவ்வளவு திட்டினதுக்குக் காரணம், இந்த ஆளால் முடியும்கிறதுதான். முடியாதவனை நான் ஏன் திட்டப் போறேன்?

நாகாலாந்தைப் பாருங்க. 2012-ல் வோகா மாவட்டத்து தோயாங் நீர்த்தேக்கத்தில் அமூர் வல்லூறுகளை வலைபோட்டு ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொன்ற படங்கள் உலகம் பூரா பரவிச்சு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேலன்னு மதிப்பிட்டாங்க. அடுத்த வருஷமே, 2013-ல், அந்தப் பருவத்தில் ஒரு பறவைகூட வலையில் சாகவில்லைன்னு செய்தி. ஒரே வருஷத்துல! போலீஸ் போட்டா நடந்துச்சு? வேட்டையே பண்பாடாக இருக்கிற மக்கள் அவங்க. ஊர்ச் சபை பேசியது, இயற்கை ஆர்வலர்கள் பேசினார்கள், வனத்துறை பேசியது, கூடவே திருச்சபையும் பேசியது. பெரும்பாலும் பாப்டிஸ்ட்டுகள் வாழும் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து வருகிற வார்த்தைக்கு எந்த அரசாணையைவிடவும் கனம் ஜாஸ்தி. வலை போட்ட பாங்க்டி ஊர் பேரையே ஒரு பறவைக்கு வச்சு, செயற்கைக்கோள் கருவி கட்டிப் பறக்கவிட்டாங்க. அது ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்ததை ஊரே கொண்டாடிச்சு.

எங்க கடலிலும் நடந்திருக்கு. ஆவுளியா என்கிற கடல்பசு. ஒரு காலத்தில் இந்தக் கரையில் அதன் கறிக்குத் தனி மவுசு. 2022 செப்டம்பரில் பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தை ஒட்டி 448 சதுர கிலோமீட்டருக்கு இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகம் அறிவிச்சாங்க. வலையில் தப்பித்தவறிச் சிக்கின ஆவுளியாவை வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்கள் நம்ம பக்கத்து ஆட்கள்தான். வனத்துறை கூப்பிட்டுப் பாராட்டி வெகுமதி கொடுத்தது. வலையின் விலை என்னன்னு மீனவரைக் கேளுங்க. அதை ஒரு உயிருக்காக அறுக்கிறவர், வார்ப்பட்டையை அவிழ்த்துத் துப்பாக்கியைக் கீழே வைக்க மனசில்லாதவரைவிட ஒரு படி மேலான பிரசங்கியார்.

போப் ஃபிரான்சிஸ் 2015-ல் 'லௌதாத்தோ சி' என்று பூமியைக் காப்பதற்கே ஒரு சுற்றுமடல் எழுதினார். கத்தோலிக்கக் குருமாருக்கு மேலிடத்து உத்தரவு அதுக்கு மேல வேண்டாம். மற்ற சபையாருக்கு மேய்ப்பன் என்ற பேர் ஒண்ணே போதும்.

எனவே சக பதிவர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்த ஃபாதரைப் பற்றி எழுதும்போது சேத்தில் இறங்கின பையன் பேரையும் விசாரிச்சு எழுதுங்க. கண்ணிக்காரரைத் திட்டி எழுதும்போது அதே பத்தியில் ஏர்கன்காரரையும் திட்டுங்க. ரோட்டோரம் கொக்கு விற்றால் விற்கிற ஏழையைப் படம் எடுத்துப் போடுவதோடு நிறுத்தாதீங்க, கார் நிறுத்தி வாங்குகிறவரின் கார் நம்பரையும் வனத்துறைக்குச் சொல்லுங்க. உங்க ஊர்ப் பாதிரியாரோ ஆலிமோ ஆசிரியரோ இன்னும் சுட்டுக்கிட்டிருந்தா, 'ஆஹா'வை நிறுத்திட்டு நேராப் போய்க் கேளுங்க. மரியாதையாத்தான் கேளுங்க. "ஐயா, அந்தத் துப்பாக்கியை விட்டுட்டு ஒரு பைனாகுலரோட வரப்பில் இறங்கக்கூடாதா? உள்ளான் அப்பவும் கோணல்மாணலாத்தான் பறக்கும். அதைக் கண்ணால் பிடிக்கிறது துப்பாக்கியால் பிடிக்கிறதைவிடக் கஷ்டம்."

அவருக்கு வேண்டிய மூச்சும் கிடைக்கும். உள்ளானும் பங்குனியில் ஊர் திரும்பும்.

டிஸ்கி 1: இதில் எந்த ஒரு தனிப்பட்ட பாதிரியாரையும் குறிப்பிடவில்லை. "இது எங்க ஃபாதர்தானே?" என்று மெயில் அனுப்ப வேண்டாம். அப்படித் தோணினால் கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை, அவர்தான்.

டிஸ்கி 2: மத அடிப்படையில் கும்ம வருகிறவர்கள் பிஸ்மி பத்தியை முதலில் படித்துவிட்டு வரவும். படிக்காமல் வரும் பின்னூட்டங்கள் 'வேட்டையாடப்படும்' :-)